கேள்வித்தாள் சொல்லாதது

பிப்ரவரியில் முதல் தடவை பெங்களூருக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்த ரீட்டா, ஒன்பது நாள் அந்த அறையைத் திறக்கவில்லை. பத்தாவது நாள் காலையில் பூட்டைத் திறந்து, ஈரத்துணியால் பெட்டிகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகச் சுவிட்சைப் போட்டாள். ஆறு பெட்டிகளும் ஒன்றுசேர இரைந்தன. வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமியார் லூர்து மேரி அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, "ஆரம்பிச்சிட்டா. அப்பச் சரி" என்று மாட்டிடம் சொன்னாள்.

அது உரமூட்டை அடுக்கும் அறை. ராயப்பன்பட்டியில் அந்த வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், நிமிர்ந்து நடந்தால் தலையில் கொத்து இடிக்கும். பழம் வெட்டுகிற பருவத்தில் அறையில் காலி டிரேக்கள் நிறையும். மற்ற நாட்களில் ஒரு சுவரோரம் மருந்துத் தெளிப்பானும் பொட்டாஷ் மூட்டையும், எதிர்ச்சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில் ரீட்டாவின் ரூட்டர்களும் இருக்கும். ஓர் ஊர்க் கணினியிலிருந்து இன்னோர் ஊர்க் கணினிக்குச் செய்தி போக வழி பிரித்துவிடுகிற பெட்டிகள் அவை. சென்னையில் கம்பெனிகள் கழித்துப்போட்டதை, கல்யாணத்துக்கு முன் தான் வேலை பார்த்த காசில் வாங்கி, பழைய சேலையில் சுற்றி ரயிலில் மதுரை வரைக்கும் கொண்டுவந்திருந்தாள். சீர்வரிசையோடு சேர்ந்து அவையும் வேனிலிருந்து இறங்கியபோது, பிரிட்ஜா டிவியா என்று பார்க்க வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்கள்.

ரூட்டர் செய்கிற கம்பெனியே நடத்துகிற பரீட்சை அது. முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களை பெங்களூரில் ஓர் அறையில் உட்கார வைத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முழு நெட்வொர்க்கைக் கையால் கட்டச் சொல்வார்கள். பத்துப் பேர் போனால் ஒருவரோ இருவரோ தேறுவார்கள். தேறியவருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண் இருந்தால் வேலைக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, வேலை உங்களைத் தேடி வரும்.

ரீட்டா தோற்றது வேலை தெரியாமல் அல்ல. கேள்வித்தாளின் முதல் பக்கத்தில், ஸ்டேட்டிக் ரூட் போடக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படி விடாமல் ஆளே வழியைக் கையால் எழுதிவைத்தால் அது ஸ்டேட்டிக். மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு கிளை ஆபீஸ் மட்டும் மற்றவற்றோடு பேச மாட்டேன் என்றது. 'வேறு வழி தெரியாவிட்டால் இந்தப் பக்கம் போ' என்று அதற்கு ஒரே ஒரு பொது வழியை எழுதினாள். இது ஊர் ஊராகச் சொல்லும் வழி அல்ல, பொதுவான வழிதானே, இதைக் கூடாது என்று எங்கே சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அறையில் இருந்த மேற்பார்வையாளரிடம், பிராக்டர் என்பார்கள், போய்க் கேட்டாள். "இதைப் போடலாமா சார்?"

"தாளில் உள்ளபடி செய்யுங்கள்" என்றார் அவர்.

போட்டாள். போயிற்று. அந்தக் கேள்வியும் அதை நம்பி நின்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்து போயின.

எழுத்துத் தேர்வில் தேறியது ஆவணி வரைக்கும்தான் செல்லும். அதற்குள் ஒரு தடவைதான் தேதி கிடைத்தது. ஆனி கடைசியில், ஒரு வியாழக்கிழமை.

ரீட்டாவுக்கு ரூட்டரைப் பற்றிக் கற்றுக்கொள்ள இனிமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கேள்வித்தாளை வாசிக்கத்தான் ஒரு துணை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது புருஷன் ரூபன். உத்தமபாளையத்தில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, அப்பா செத்ததும் தோட்டத்தில் இறங்கியவன்.

"நீங்க பிராக்டரா இருக்கணும்" என்றாள் ரீட்டா.

"நான் என்னாத்தக் கண்டேன்?"

"அதான் வேணும். எதுவும் தெரியாத ஆளாட்டம்தான் அவரும் உக்காந்திருப்பாரு. நான் வந்து கேட்டா இந்த அட்டையில இருக்குறதத்தான் சொல்லணும். வேற வாய் தெறக்கக் கூடாது."

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் அட்டையின் பின்பக்கம் மூன்று வரி எழுதியிருந்தாள். தாளில் உள்ளபடி செய்யவும். அதை நான் சொல்ல முடியாது. நேரம் போகிறது, இடத்துக்குப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும் ஆரம்பிப்பார்கள். நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். அப்போது சாப்பாடு. ரூபன் பொட்டாஷ் மூட்டை மேல் பேப்பரோடு உட்கார்ந்திருப்பான். ரீட்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாள். பெட்டிகளின் சூட்டில் அறை அவிந்து போகும்.

"சார்."

"என்னா?"

"என்னான்னு கேக்கக் கூடாது. எஸ்னு சொல்லணும்."

"எஸ்."

"நாலாவது கேள்வியில ஸ்டேட்டிக் ரூட் போடலாமா சார்?"

ரூபன் அட்டையைப் பார்த்தான். "தாளில் உள்ளபடி செய்யவும்."

"தாள்ல அதப்பத்தி ஒண்ணும் இல்லயே சார்."

"தாளில் உள்ளபடி செய்யவும்."

"போடக் கூடாதுன்னு இல்ல. போடலாம்னும் இல்ல."

"நேரம் போகிறது, இடத்துக்குப் போங்கள்."

"ஏங்க, செத்த நேரம் மனுசன் மாதிரிப் பேசுங்களேன்."

"நீதான எழுதிக் குடுத்த?"

கதவோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த லூர்து மேரி சிரித்தாள். "நல்லா வேணும். வீட்டுக்காரர ஆபீசரா ஆக்குனா அப்பிடித்தான்."

இப்படி நாலு ஞாயிறு போயிற்று. ஐந்தாவது ஞாயிறு ரூபன் அட்டையைக் கீழே வைத்துவிட்டான். அன்று காலையில் பந்தலில் முன்பழம் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். வெட்ட வந்த சுருளியம்மாள் மேல் இருந்த எரிச்சல் அவனிடம் இன்னும் ஆறவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டா? பிராக்டரா இல்ல, ரூபனா."

"சொல்லுங்க."

"இன்னைக்கிக் காலையில சுருளியம்மா எங்கிட்ட ஒம்போது வாட்டி 'வெட்டவா'ன்னு கேட்டுச்சு. ஒவ்வொரு கொத்துக்கும் வெட்டவா, வெட்டவா. நான் என்னா சொல்ல முடியும்? பாத்து வெட்டும்மான்னேன். வெட்டிச்சு. பாத்தா செங்காயும் சேத்து வெட்டிப் போட்ருச்சு. கேட்டா, நீங்கதான வெட்டச் சொன்னீகங்குது."

"சரி?"

"பொறவு பத்தாவது வாட்டி வந்து வேற மாதிரிக் கேட்டுச்சு. 'இந்தக் கொத்துல பாதி கறுப்பு, பாதி செவப்பு. செவப்பக் கிள்ளிப் போட்டுட்டுக் கறுப்ப வெட்டவா, இல்ல கொத்தவே வெள்ளி வரைக்கும் விட்ரவா?' அதுக்கு நான் டக்குனு சொல்லிட்டேன், விட்ரும்மான்னு. யோசிக்கக்கூட இல்ல."

ரீட்டா நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ எங்கிட்டக் கேக்குறது எல்லாம் அந்த மொத ஒம்போது மாதிரி இருக்கு. போடலாமா, போடலாமா. அது கேள்வியில்ல ரீட்டா, சம்மதம் கேக்குற. நாளைக்கித் தப்பாப் போனா, நீங்கதான சொன்னீகன்னு சொல்ற மாதிரி. எந்த ஆபீசரு அதுக்குத் தலையாட்டுவாரு?"

ரீட்டாவுக்கு முகம் சிவந்தது. கோபம்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வெளியே போய்த் தொட்டியில் முகம் கழுவினாள். திரும்பி வந்தபோது ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து வந்தாள்.

"பிப்ரவரியில நான் அவருகிட்ட எப்பிடிக் கேட்டிருக்கணும்? நீங்க சொல்லுங்க."

"எனக்கு அந்த ரூட்டு கீட்டு எல்லாம் தெரியாது."

"தெரியாட்டிப் பரவால்ல. நான் சொல்றேன், புரியுதா பாருங்க. 'சார், ஸ்டேட்டிக் கூடாதுன்னு போட்ருக்கு. பொது வழியும் அந்தத் தடையில சேருமா, இல்ல ஒவ்வொரு ஊருக்கும் எழுதுற வழிய மட்டும் சொல்லுதா?'"

"இது புரியுது. இதுக்குப் பதில் சொல்லலாம்." ரூபன் யோசித்தான். "சேரும்னுதான் சொல்லுவேன் நானு. கூடாதுன்னா கூடாது. அதுல நல்ல கூடாது, கெட்ட கூடாதுன்னு என்னா இருக்கு?"

ரீட்டா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாலு வருசம் வேலை பாத்த எனக்குத் தெரியல."

அதற்குப் பிறகு அட்டை போய்விட்டது. கேள்வியைப் பார்த்ததும் அதற்கு எத்தனை அர்த்தம் வரும் என்று நோட்டில் எழுதினாள். எல்லா அர்த்தத்துக்கும் பொருந்துகிற வேலை ஒன்று உண்டா என்று முதலில் பார்ப்பாள். இருந்தால் யாரிடமும் கேட்க வேண்டாம், அதைச் செய்துவிட வேண்டியதுதான். இல்லாவிட்டால் மட்டும் எழுந்து வந்து, இதுவா அதுவா என்று கேட்பாள். ரூபன் அவளை வேண்டுமென்றே நிற்க வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பான். அவளும் பதறாமல் நிற்கப் பழகினாள். ஆனி பிறந்தபோது, எட்டு மணி நேர வேலையை ஆறேகால் மணி நேரத்தில் முடித்தாள். மிச்ச நேரத்தில் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு, எழுதியது எதுவும் அழியாமல் எழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

பழமும் அதே நேரத்துக்குத்தான் பழுத்தது.

பரீட்சைக்கு முந்திய திங்கட்கிழமை மத்தியானம் மேற்கே மலை காணாமல் போயிற்று. கூடலூர்ப் பக்கமிருந்து காற்று வந்தது. மூன்று மணிக்குச் சாரல் பிடித்தது. பெருமழை பெய்தால் தண்ணீர் வடிந்து போய்விடும். இந்தச் சாரல் அப்படியல்ல. விடாமல் தூறிக்கொண்டே இருக்கும். பழுத்த திராட்சை தண்ணீரைக் குடித்துத் தோல் தாங்காமல் வெடிக்கும். ஒரு பழம் வெடித்தால் அதன் சாறு பட்டுக் கொத்தே அழுகும். எறும்பும் குளவியும் வந்துவிடும். ராயப்பன்பட்டியிலிருந்து ஆனைமலையன்பட்டி வரைக்கும் அன்று எல்லாப் பந்தலுக்கு அடியிலும் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எர்ணாகுளத்து வியாபாரியின் வண்டி செவ்வாயும் வெள்ளியும் வரும். ரூபன் போன் போட்டான். புதன்கிழமை மத்தியானம் ஒரு வண்டி கூடுதலாக அனுப்புவதாகச் சொன்னார் அவர். அதற்குள் முக்கால்வாசி வெட்டியாக வேண்டும். ஆனால் வெட்ட ஆள் இல்லை. எல்லாத் தோட்டத்திலும் அதே அவசரம். சுருளியம்மாளும் அவளோடு இரண்டு பேரும்தான் வருவதாகச் சொன்னார்கள். பழம் பார்த்து வெட்டித் தரம் பிரித்து அடுக்குவதில் வீட்டில் ரீட்டாவின் கை வேகம். அவளோ செவ்வாய் சாயங்காலமே பெங்களூருக்குக் கிளம்பி, புதன் முழுக்கக் கன்னியர் மட விடுதியில் தூங்கி எழுந்து, வியாழன் பரீட்சைக்குப் போவதாக ஏற்பாடு. போன தடவை தூக்கமில்லாமல் போனதும் ஒரு தப்பு என்று அவளே சொல்லியிருந்தாள்.

திங்கள் சாயங்காலம் மூன்று பேரும் பந்தலடியில் நின்றார்கள். ரூபன் ஒரு கொத்தைக் கையில் தாங்கிப் பார்த்தான். இரண்டு பழம் வெடித்திருந்தது.

"நான் நாளைக்கிக் கெளம்பவா?" என்றாள் ரீட்டா.

"உன் இஷ்டம்" என்றான் ரூபன்.

"அதத்தான் வேணாங்குறேன். நீங்க போன்னு சொன்னா, போகச் சொல்லிட்டு மனசுக்குள்ள ஏசுறாகளோன்னு நெனப்பேன். இருன்னு சொன்னா, எம் பரீட்ச போச்சுன்னு நான் ஏசுவேன். உன் இஷ்டம்னா ரெண்டும் சேந்து வரும்."

ரூபன் வெடித்த இரண்டு பழத்தையும் கிள்ளிப் போட்டான்.

"நான் போகாம இருக்கப் போறதில்ல. அதத் தெளிவாச் சொல்லிர்றேன்" என்றாள் ரீட்டா. "நாளைக்கி முழுக்கவும் புதன் மத்தியானம் வரைக்கும் வெட்றேன். புதன் சாயங்காலம் பஸ் ஏறுனா வியாழன் வெள்ளன போய் எறங்கிருவேன். பஸ்லயே தூங்கிக்கிறேன். இல்லயா, நாளைக்கே கெளம்பிர்றேன், நீங்க எனக்குப் பதிலா ரெண்டு ஆளு தேடணும். ஆளு கெடைக்கும்னா நாளைக்கே போறேன். கெடைக்காதுன்னா புதன். எதுன்னு சொல்லுங்க."

ரூபன் மேற்கே பார்த்தான். "நாளைக்கி ஆளு கெடைக்காது ரீட்டா. நெசமாத்தான் சொல்றேன். புதன் போ. புதன் ரெண்டு மணிக்கு மேல ஒரு கொத்துகூடத் தொடக் கூடாது நீ."

"அப்பச் சரி."

லூர்து மேரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"எங்கம்மா போறீக?" என்றான் ரூபன்.

"கோயிலுக்கு. செபமால சொல்ல எங்க மரியாயின் சேனைப் பொம்பளைக வந்திருப்பாளுக. ஒரு பத்துக் கத்திரி கெடைக்குமா பாக்குறேன்."

"அவுக எல்லாருக்கும் தோட்டம் இருக்கே."

"தோட்டம் இல்லாதவளும் இருக்கா. டீச்சரம்மா ரெண்டு பேரு இருக்காக. நான் கூப்புட்டு எவ வராம இருக்கான்னு பாப்பம்."

செவ்வாய்க்கிழமை விடியும்போது ஏழு பெண்கள் சாரலில் தலைக்கு யூரியாச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அதில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருத்தி, வாழ்நாளில் கொத்து வெட்டியதில்லை. சுருளியம்மாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "காம்பப் புடிங்க டீச்சர், பழத்தப் புடிக்காதீக. பழத்து மேல இருக்குற பொடி போச்சுன்னா வெலை போச்சு." டீச்சர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

ரீட்டா முன்னால் வெட்டிக்கொண்டே போனாள். கத்திரியை வைக்க நேரமில்லை. வெடித்த பழத்தைக் கிள்ளிப் போட்டு, டிரேயில் காகிதம் விரித்துக் காம்பு மேலே தெரிய அடுக்கினாள். மத்தியானம் லூர்து மேரி மொச்சைக் குழம்பும் சோறும் கொண்டு வந்தாள். சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் தட்டில் விழுந்தது. வெடித்த பழத்தில் நல்லதாகப் பார்த்து லூர்து மேரி ஒரு ஜாடியில் சேர்த்தாள். கிறிஸ்துமஸ் ஒயினுக்கு.

"என்னா பரீட்ச தாயி அது?" என்று கேட்டாள் சுருளியம்மாள்.

"கம்ப்யூட்டருக்கு வழி போடுறது, சுருளியம்மா."

"ரோடு போடுறவுக மாதிரியா?"

"ஆமா. ஆனா எந்தப் பக்கம் போடணும்னு பாதியத்தான் சொல்லுவாக. மீதிய நம்மளே தெரிஞ்சுக்கிறணும்."

"நம்ம மொதலாளியாட்டம்" என்றாள் சுருளியம்மாள். எல்லோரும் ரூபனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

புதன் இரண்டு மணிக்கு ரூபன் வந்து அவள் கையிலிருந்து கத்திரியை வாங்கிக்கொண்டான். இன்னும் கால் பந்தல் மிச்சம் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க் குளித்தாள். எவ்வளவு தேய்த்தும் விரல் நுனியில் கறை போகவில்லை. தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள் மாமியார். ரூபன் உத்தமபாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டான். திண்டுக்கல் வருவதற்குள் ரீட்டா தூங்கிப் போனாள். இரண்டு நாள் அண்ணாந்து நின்ற கழுத்துவலி தூக்கத்தைக் கெடுக்கவில்லை, கூட்டத்தான் செய்தது.

பரீட்சை அறை குளிராக இருந்தது. ஒன்பது பேர், அவள் ஒருத்திதான் பெண். பிராக்டர் அதே ஆள்தான், நரைத்த மீசை. தாளைக் கொடுக்கும்போது அவள் விரலைப் பார்த்தார்.

"மையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"திராட்சை" என்றாள்.

அவர் புருவத்தை உயர்த்திவிட்டுப் போனார்.

முதல் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள். 'எல்லா இடமும் எல்லா இடத்தோடும் பேச வேண்டும்' என்று இருந்தது. ஸ்டேட்டிக் பற்றிய வரி இல்லை. மூன்றாவது தடவையும் தேடினாள். இல்லவே இல்லை. பிப்ரவரியில் இருந்த தடை எங்கே போயிற்று? எடுத்துவிட்டார்களா, அல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டார்களா? ஐந்தாவது கேள்வியில் அது வந்து நின்றது. முதன்மை இணைப்பு அறுந்தாலும் கிளை ஆபீஸ் வேலை செய்ய வேண்டும். ஸ்டேட்டிக் போட்டால் ஒரே வரி, அரை நிமிடம். பக்கத்து இருக்கையில் ஒருவன் எழுந்து போய்ப் பிராக்டரிடம் கேட்பது காதில் விழுந்தது. "ஸ்டேட்டிக் போடலாமா சார்?"

"தாளில் உள்ளபடி செய்யுங்கள்."

ரீட்டா எழுந்திருக்கவில்லை. தடை இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும், அப்படி ஒரு வேலை இதில் இருந்தது. இரண்டு இணைப்பையும் ரூட்டர்களின் பேச்சுக்குள்ளேயே சேர்த்து, ஒன்றை முதலாவதாகவும் மற்றதை இரண்டாவதாகவும் வைப்பது. பதினோரு வரி, இருபத்தைந்து நிமிடம். செய்தாள். முதன்மை இணைப்பை அணைத்துப் பார்த்தாள். மூன்று நொடி மௌனம். பிறகு கிளை ஆபீஸ் பதில் சொன்னது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாவது கேள்வி. 'கிடங்கின் நெட்வொர்க், கிளையின் வழிப்பட்டியலில் தெரியக் கூடாது.' இவ்வளவுதான். தெரியக் கூடாது என்றால் பட்டியலில் பெயர் இருக்கக் கூடாதா, அல்லது கிளையிலிருந்து கிடங்குக்குப் போகவே கூடாதா? இரண்டுக்கும் சேர்த்துப் பொருந்துகிற வேலை எதுவும் இல்லை. போகும்படி வைத்தால் ஒன்று தப்பு, போகாமல் வைத்தால் மற்றது தப்பு. தாளின் ஓரத்தில் இரண்டையும் எழுதிப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள்.

அவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவளை நிற்க விட்டார். அவள் நின்றாள். உரமூட்டை மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆளை நினைத்ததும் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"சொல்லுங்கள்."

"ஒன்பதாவது கேள்வி சார். இதற்கு இரண்டு அர்த்தம் வருகிறது. ஒன்று, கிடங்கின் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது, ஆனால் கிளையிலிருந்து அங்கே போக முடிய வேண்டும். இன்னொன்று, போகவே முடியக் கூடாது. எல்லாம் எல்லாவற்றோடும் பேச வேண்டும் என்று முதல் பக்கம் சொல்கிறது, அதனால் முதல் அர்த்தத்தை எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வி முதல் பக்கத்துக்கு விதிவிலக்கா?"

அவர் அவள் தாளை வாங்கிக் கேள்வியை வாசித்தார். ஓரத்தில் அவள் எழுதியிருந்ததையும் வாசித்தார். "விதிவிலக்கு என்றால் அப்படி எழுதியிருப்பார்கள்" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் நிறுத்தி, "பட்டியலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்" என்றார்.

அவ்வளவு போதும். இருக்கைக்கு வந்து பத்து நிமிடத்தில் முடித்தாள். நாலரை மணிக்கு எல்லாப் பெட்டிகளையும் சேமித்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சேமிக்கச் சொல்லித் தாளில் எங்கும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

வெள்ளி விடிகாலை அவள் வந்து இறங்கியபோது சாரல் நின்றிருந்தது. மிச்சம் இருந்த கால் பந்தலில் பாதி அழுகிப் போயிருந்தது. மீதியைக் காப்பாற்றிவிடலாம் என்றான் ரூபன்.

"எப்பிடிப் போச்சு?"

"நல்லாச் செஞ்சேன்" என்றாள். தெரியல, பாப்பம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். வாயில் வந்தது இதுதான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, கரண்ட் போவதற்கு முன்னால், முடிவு வந்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. டெலிபோன் ஒயரில் வருகிற இணையம், பக்கம் அங்குலம் அங்குலமாக இறங்கியது. ரூபன் பின்னால் நின்றான். லூர்து மேரி கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான்.

"என்னாத்தா போட்ருக்கு?"

"இன்னும் வரல அத்தை. வந்துக்கிட்டு இருக்கு."

"நாலு எழுத்தா, அஞ்சு எழுத்தா?"

"பாசும் நாலுதான், பெயிலும் நாலுதான் அத்தை."

"என்னா இழவு பாசை இது! மொத எழுத்து எது?"

ரீட்டா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரூபன்தான் குனிந்து வாசித்தான். "பி."

"பி-ன்னா?"

"பாஸும்மா. பாஸு!"

லூர்து மேரி மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். நெற்றியிலும் மார்பிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. பிறகு ரீட்டாவின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். அதே நேரத்தில் கரண்ட் போயிற்று. பெட்டிகள் எல்லாம் ஓய்ந்து, அறை திடீரென்று அமைதியானது. ரீட்டா அந்த அமைதியில்தான் அழுதாள். ரூபன் பக்கத்தில் உட்கார்ந்து, கறை போகாத அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

தேறினால் பிறகு என்ன என்று அந்த வீட்டில் அதுவரை யாரும் பேசியதில்லை. அவரவர் மனதில் இருந்திருக்கும். எந்தக் கம்பெனியும் ராயப்பன்பட்டிக்கு வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ரீட்டா தன் எண்ணைப் போட்டு மூன்று இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். அனுப்பியதை மறைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. கடைசி வெட்டு நடந்துகொண்டிருந்தது. மைனாக்களை விரட்ட ரூபன் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். ரீட்டா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். வெட்டுவதை நிறுத்தவில்லை. எதிர்முனை ஆள் நாலைந்து கேள்வி கேட்டார். பதில் சொன்னாள். அது என்ன சத்தம் என்று கேட்டார் போல. "திராட்சை வெட்டுகிறோம் சார், பறவை விரட்டுகிறார்கள்" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "பத்து நாளில் சேர்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பேன். அதற்கு ஒப்புக்கொண்டால் கடிதம் அனுப்புங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள்."

ரூபன் தகரம் தட்டுவதை நிறுத்தியிருந்தான்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி சார். நன்றி" என்று போனை வைத்தாள்.

லூர்து மேரி இரண்டு தூண் தள்ளி வெட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்த ஊருன்னாக?"

"கொச்சி அத்தை."

இன்னும் இரண்டு கொத்து டிரேயில் விழுந்தது.

"நம்ம பழம் போற பக்கம்தான?"

"அங்கனதான் அத்தை."

"அப்ப என்னா, பழ வண்டி செவ்வாயும் வெள்ளியும் போகுதுல்ல. அந்தப் பெட்டிகளையும் துணிமணியையும் அதுல ஏத்தி விட்ருவோம். நீ குமுளி வழியா பஸ்ல போயிரு. சாக்குல சுத்திப் போடச் சொல்லணும், வண்டிக்காரன் தூக்கி எறிவான்."

"அப்ப நானு?" என்றான் ரூபன்.

லூர்து மேரி இப்போதுதான் திரும்பினாள்.

"நீ இங்கன கொடி வெட்டுற கவாத்தப் பாரு. அதுக்கு முந்தி ஒரு மாசம் கொடிக்கு ஓய்வுதான? சும்மாதான சுத்திக்கிட்டு இருப்ப? போயி அவளுக்குச் சோறாக்கிப் போடு."